சுவர் இடியட்டும், நிலம் யாருக்கு?

தாணே மண்டல மனநோய் மருத்துவமனையின் நிலத்தைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. தாணேக்கும் முலுண்டுக்கும் நடுவில் புது ரயில் நிலையம் வந்தே தீரவேண்டும் என்பது ஒரு கட்சி. நோயாளிகளின் நிலத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சுவருக்குள் பத்து வருஷம், இருபது வருஷம் என்று கிடக்கிற மனிதர்கள், சுவர் போன பிறகு எங்கே இருப்பார்கள்? இதை எழுப்புவதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் விவரம். தாணே மருத்துவமனை 1901-ம் ஆண்டில் நரோத்தம்தாஸ் மாதவ்தாஸ் என்ற தனவந்தரின் பெயரால் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் உள்ள நான்கு மண்டல மனநோய் மருத்துவமனைகளில் இது ஒன்று; மற்றவை புனே எரவாடா, நாக்பூர், ரத்னகிரி. தாணே வளாகம் சுமார் 72 ஏக்கர். இதிலிருந்து 14.83 ஏக்கரை எடுத்து ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் புறநகர் ரயில் நிலையம் கட்டுவது என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரி நிலம் வேறு காரியத்துக்குப் போகக் கூடாது என்று பொதுநல வழக்கு வந்து, 2015-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2023-ல் அந்தத் தடை நீங்கியது. பழைய கட்டிடங்களுக்குப் பதிலாக, பெங்களூர் நிமான்ஸ் மாதிரியில் புதிய மருத்துவமனை எழுப்பும் திட்டத்தையும் மாநில அரசு வகுத்திருக்கிறது.

ரயில்வேயில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: புது நிலையம் அவசியம். காலை எட்டு மணிக்குத் தாணே நடைமேம்பாலத்தில் நெருக்கடியில் நின்ற எவரும் இதை மறுக்க மாட்டார்கள். 2025 ஜூன் 9-ம் தேதி மும்ப்ராவில் ஓடும் ரயில்களிலிருந்து பயணிகள் விழுந்து இறந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே நிலையத்தை எதிர்ப்பது நமது வேலையல்ல.

ஆனால் ரயில் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நிலையம் தனியாக வருவதில்லை. முதலில் ஆட்டோ நிறுத்தம் வரும். பிறகு வடாபாவ் கடை, மருந்துக் கடை, வங்கி, அலுவலகம். கடைசியில் அடுக்குமாடி. 1853 ஏப்ரல் 16-ம் தேதி போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் பயணி வண்டி ஓடிய நாளிலிருந்து இந்த நகரம் தண்டவாளத்தின் ஓரமாகவே வளர்ந்திருக்கிறது. அப்படியானால், 14.83 ஏக்கர் போக மீதியிருக்கும் 57 ஏக்கர் சொச்சமும் நாளை ஒரு நிலையத்தின் வாசலில் கிடக்கும் நிலமாகிவிடும். அதன் விலை என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நமக்கு முன்பே போட்டிருப்பார்கள். மருத்துவமனை நிலம் கடையும் வீடும் அலுவலகமும் கலந்த பேட்டையாக மாறுவது என்பது பத்து வருஷத்திலோ இருபது வருஷத்திலோ இங்கே வரப்போகிற பிரச்சினை. இன்றே பேசினால் பலன் உண்டு. கட்டிடம் எழுந்த பிறகு பேசினால் அது ஒப்பாரி.

சுவருக்காக அழ வேண்டாம்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாம் பழைய ஆஸ்பத்திரியைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஆஸ்பத்திரிகளை ஊருக்கு வெளியே கட்டினார்கள். நல்ல காற்று, தோட்டம், அமைதி என்று காரணம் சொன்னார்கள். ஊரின் கண்ணில் படாமல் வைப்பது என்பதும் ஒரு காரணம். சென்னையில் 1794-ல் தொடங்கிய காப்பகம் 1871-ல் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்துக்குப் போயிற்று. அன்றைக்கு அது தோட்டம். இன்றைக்கு நகரத்தின் நடுப்பகுதி. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே கேலிச் சொல்லாக்கிச் சிரித்த சினிமாக்களை நாமெல்லாம் பார்த்து வளர்ந்தோம். தாணேயின் பெயரும் மகாராஷ்டிரத்தில் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

அடைத்து வைப்பது வைத்தியமாகாது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் என்ன நடந்தது? தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். சுவரும் சங்கிலியும் நோயாளியைப் பாதுகாக்கின்றன என்று இனியும் ஒருவர் சொன்னால் ஏர்வாடியை நினைவுபடுத்துங்கள்.

எனவே சுவர் இடியட்டும். தெரு உள்ளே வரட்டும். கடையும் பள்ளிக்கூடமும் வரட்டும். சுவரை இடிப்பவர் யார், எதற்காக இடிக்கிறார், இடித்த இடத்தில் முதலில் குடியேறுபவர் யார் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. இதற்கு வெளிநாடுகளில் மூன்று பாடங்கள் உண்டு. மூன்றும் மூன்று விதமாக முடிந்தவை.

லண்டன்: வாயிற்காவலன் மாறினான்

லண்டனுக்கு வடக்கே கோல்னி ஹாட்ச் என்ற இடத்தில் 1851-ல் பெரிய மனநோய் விடுதி ஒன்று திறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்த இடம். அதன் நடைகூடம் ஐரோப்பாவிலேயே நீளமானது என்று பெயர் பெற்றது. அங்கே சேர்க்கப்பட்டவர்களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழை யூதர்கள் பலர். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், மொழி தெரியாதவர்கள். 1903 ஜனவரியில் அங்கே மரத்தால் கட்டியிருந்த தற்காலிகக் கட்டிடம் எரிந்து 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஏர்வாடிக்கு ஒரு நூற்றாண்டு முந்திய ஏர்வாடி அது.

பக்கத்து ரயில் நிலையத்துக்கும் முதலில் கோல்னி ஹாட்ச் பெயர்தான். அந்தப் பெயர் சொன்னாலே பைத்தியம் என்று அர்த்தமாகிவிட்டதால், அக்கம்பக்கத்தார் வெட்கப்பட்டார்கள். நிலையத்தின் பெயர்ப்பலகை பலமுறை மாறி இன்று நியூ சவுத்கேட் என்று நிற்கிறது. ஆஸ்பத்திரியின் பெயரும் பிரையர்ன் என்று மாறியது. பலகை மாறியதே தவிர உள்ளே இருந்தவர்களின் நிலை அதனால் மாறவில்லை.

1961-ல் பிரிட்டனின் சுகாதார அமைச்சர் ஈனோக் பவல், இந்தப் பழைய விடுதிகள் பெரும்பாலானவை பதினைந்து ஆண்டுகளில் மறைய வேண்டும் என்று பேசினார். அவர் சொன்னதைவிட நாளாயிற்று. பிரையர்ன் 1993-ல் மூடப்பட்டது. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நெடுநாள் நோயாளிகளை வெறுமனே தெருவில் விட்டுவிடவில்லை. பணியாளர் உள்ள சிறு சிறு வீடுகளை முதலில் ஏற்பாடு செய்து, அவற்றுக்கு அனுப்பினார்கள். அவர்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்த மருத்துவர்கள், பெரும்பாலோர் புது வீட்டையே விரும்பினார்கள் என்றும், வீடிழந்து அலைந்தவர்கள் மிகச் சிலரே என்றும் கண்டார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் நிலம் என்ன ஆயிற்று? பழைய கட்டிடம் ஆடம்பர அடுக்குமாடி ஆயிற்று. பெயர் பிரின்சஸ் பார்க் மேனர். வாயிலில் காவல், உள்ளே உறுப்பினர்களுக்கு மட்டுமான உடற்பயிற்சிக் கூடம். அதே நகரத்தில் இருந்த கிளேபரி ஆஸ்பத்திரி 1997-ல் மூடப்பட்டு, ரெப்டன் பார்க் என்ற பெயரில் இதே கதியை அடைந்தது. முன்பு உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் காவல் காத்தார்கள். இப்போது வெளியே இருப்பவர் உள்ளே வராமல் காவல் காக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பொதுப் பணத்தில் நின்ற நிலம் பணம் உள்ளவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

டொரண்டோ: ஆஸ்பத்திரி இருந்த இடத்திலேயே இருந்தது

கனடாவில் டொரண்டோ நகரின் குயின் தெருவில் 1850-ல் ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றியிருந்த உயரமான செங்கல் மதிலை நோயாளிகளே கட்டினார்கள். கூலி கிடையாது. உழைப்பே மருந்து என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயும் பெயர் நாறிப்போயிற்று. 999 குயின் தெரு என்ற விலாசமே பழிச்சொல்லாகிவிட, 1979-ல் கதவு எண்ணை 1001 என்று மாற்றினார்கள்.

பிற்காலத்தில் அந்த 27 ஏக்கரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போய்விடுவது சுலபம். நகரத்தின் நடுவில் உள்ள இடத்துக்கு நல்ல விலை கிடைத்திருக்கும். அதைச் செய்யவில்லை. பக்கத்துத் தெருக்களை வளாகத்துக்குள் நீட்டினார்கள். அந்தத் தெருக்களின் ஓரத்தில் சிறு சிறு கட்டிடங்களாகப் புதிய மருத்துவமனையைக் கட்டினார்கள். கட்டம் கட்டமாக வேலை நடந்து, 2008-ல் முதல் கட்டிடங்களும் 2020-ல் பெரிய கட்டிடங்கள் இரண்டும் திறக்கப்பட்டன. நடுவே கடைகளுக்கும் பிற உபயோகங்களுக்கும் இடம் விட்டார்கள். இன்று அந்தத் தெருவில் காபி வாங்கப் போகிறவர் யார், சிகிச்சைக்குப் போகிறவர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. மதிலில் மிஞ்சிய பகுதியை இடிக்காமல் வைத்து, அதைக் கட்டிய நோயாளிகளின் உழைப்பை நினைவுகூரும் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். கூலி கொடுக்காவிட்டாலும் கணக்கையாவது ஒப்புக்கொண்டார்கள்.

திரியெஸ்தே: நோயாளி தொழிலாளி ஆனார்

மூன்றாவது பாடம் இத்தாலியின் திரியெஸ்தே. தொழிற்சங்கக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான்.

1971-ல் சான் ஜோவான்னி மனநோய் விடுதிக்கு இயக்குநராக வந்தார் பிராங்கோ பசாலியா. உள்ளே சுமார் 1,200 பேர். வார்டு கூட்டுவது, துணி துவைப்பது, சமையலறை வேலை எல்லாம் நோயாளிகள்தான் செய்தார்கள். டொரண்டோவைப் போலவே இதற்கும் சிகிச்சை என்று பெயர், சம்பளம் இல்லை. பசாலியாவும் அவர் சகாக்களும், 1972-ல் இந்த நோயாளிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்க வழிசெய்தார்கள். அதே துடைப்பம், அதே தரை. ஆனால் இப்போது ஒப்பந்தம் உண்டு, கூலி உண்டு. முதல் தேதி சம்பளம் வாங்குகிறவனைப் பைத்தியம் என்று தள்ளிவைப்பது சுலபமல்ல. மருந்து செய்யாத வேலையைச் சில நேரம் சம்பளச் சீட்டு செய்யும்.

1973-ல் அவர்கள் மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு பெரிய நீலக் குதிரை செய்தார்கள். அதை இழுத்துக்கொண்டு ஊருக்குள் ஊர்வலம் போவது என்று ஏற்பாடு. குதிரை வாசலில் நுழையவில்லை. குதிரையைச் சிறிதாக்கவில்லை, வாசலை உடைத்தார்கள். 1978 மே 13-ம் தேதி இத்தாலி நாடாளுமன்றம் 180-ம் எண் சட்டத்தை நிறைவேற்றி, மனநோய் விடுதிகளைப் படிப்படியாக மூட உத்தரவிட்டது.

இன்று சான் ஜோவான்னி ஒரு பூங்கா. பல்கலைக்கழகத் துறைகள், பள்ளி, நாடகக் கொட்டகை, பெரிய ரோஜாத் தோட்டம், கூட்டுறவு நடத்தும் உணவுக்கடை எல்லாம் அங்கே இருக்கின்றன. மனநல அலுவலகங்களும் அங்கேயே. நகரத்தின் பல பேட்டைகளில் இரவு பகல் திறந்திருக்கும் மனநல மையங்கள் வந்தன. ஆள் வெளியே போவதற்கு முன் போய்ச்சேர இடம் தயாராயிற்று. நிலமும் பொதுவாகவே நின்றது.

மூன்று ஊரிலும் சுவர் இடிந்தது. வித்தியாசம், நிலமும் கூலியும் யார் கையில் போய்ச் சேர்ந்தன என்பதிலே.

நம் ஊர்ப் பாடம் ஒன்று

வெளிநாட்டுக் கதை எதற்கு, மும்பையிலேயே பாடம் உண்டு என்பீர்கள். உண்மை. பஞ்சாலை நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நகரத்தின் நடுவே சுமார் 600 ஏக்கர். 1991-ல் அரசு விதி ஒன்று போட்டது: நிலத்தை விற்றால் அல்லது வேறு உபயோகத்துக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு மைதானத்துக்கும் பூங்காவுக்குமாக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு மலிவு வீடுகளுக்காக வீட்டு வாரியத்துக்கு, மீதி ஒரு பங்கு ஆலை முதலாளிக்கு. கேட்க நன்றாக இருந்தது. 2001-ல் அந்த விதியில் சில சொற்களை மாற்றினார்கள். இனி பங்கு போடுவது மொத்த நிலத்தையல்ல, கட்டிடம் ஏதுமில்லாத காலி நிலத்தை மட்டுமே என்று ஆக்கினார்கள். ஆலை வளாகத்தில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? உயர்நீதிமன்றம் 2005-ல் பொதுமக்கள் பக்கம் நின்றது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அரசின் திருத்தத்தையே ஏற்றது. இன்று பரேலிலும் லோயர் பரேலிலும் எழுந்து நிற்கும் மால்களையும் கோபுரங்களையும் பாருங்கள். வீட்டுக்கு மனுப் போட்ட ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பல்லாயிரம் இன்னும் குலுக்கலை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன.

பாடம் என்ன? வாக்குறுதி போதாது. வாக்குறுதியின் சொற்களை யார் எழுதுகிறார், பிறகு யார் திருத்துகிறார் என்று பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கொடி இருந்தது, ஊர்வலம் இருந்தது. அவனுக்கே இந்தக் கதி என்றால், வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு யார் இருக்கிறார்?

நமக்கு இதில் என்ன சம்பந்தம்?

தமிழர் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கலாம். ரயிலில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மனம் கலங்கியவர் ஊரில் கால்போன போக்கில் நடந்து, கிடைத்த வண்டியில் ஏறுகிறார். டிக்கெட் இல்லை, பை இல்லை. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே இறங்குகிறார். தாதரிலோ குர்லா டெர்மினஸிலோ சில நாள் நடைமேடையில் கிடக்கிறார். பிறகு போலீஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி. பேசுகிற மொழி தமிழ். கேட்கிற மொழி மராத்தி அல்லது இந்தி. பதிவேட்டில் 'விலாசம் தெரியவில்லை' என்று ஒரு வரி விழுகிறது. அந்த ஒரு வரியிலேயே ஆயுள் முடிந்துபோகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் சமூகப் பணியாளர், தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று சங்கத்துக்குச் சொல்லியனுப்பினார். நாங்கள் இருவர் போனோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். 'பேசுவதில்லை' என்று கோப்பில் எழுதியிருந்தது. "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டோம். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல தம்பி. நீங்க எந்த ஊரு?" என்றார். அரை மணி நேரத்தில் தாலுகா, பஸ் இறங்கும் இடம், தம்பி பெயர் எல்லாம் வந்தது. ஊரைக் கண்டுபிடித்தோம். தம்பியையும் கண்டுபிடித்தோம். தம்பி அழுதார், ஆனால் அழைத்துப்போக முடியாது என்றார். இருந்த வீடு பாகம் பிரிந்துவிட்டது, ஓர் அறையில் ஐந்து பேர் என்றார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. டாக்டர் 'குணம், அனுப்பலாம்' என்று எழுதிய மனிதர், அனுப்ப ஒரு வீடு இல்லாததால் வார்டிலேயே இருக்கிறார். அவரை உள்ளே வைத்திருப்பது நோயல்ல, மதிலுமல்ல. வாடகைக்கு ஓர் அறை இல்லாமை.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 19-ம் பிரிவு: குடும்பம் இல்லை என்பதாலோ, குடும்பம் ஏற்கவில்லை என்பதாலோ, வீடில்லை என்பதாலோ, வெளியே உதவி நிலையம் இல்லை என்பதாலோ ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது. அரசே இடைநிலை இல்லங்களும் குழு வீடுகளும் அமைக்க வேண்டும். நடைமுறை என்ன? மகாராஷ்டிரத்தில் இத்தகையவர்களைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றினார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து நிறுத்தச் சொன்னது. குழு வீடு நடக்காத காரியம் என்பார்கள். சென்னையில் 1993-ல் தொடங்கிய பானியன் அமைப்பு, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து, நெடுநாள் நோயாளிகள் நாலைந்து பேர் சேர்ந்து வாழும்படி செய்து காட்டியிருக்கிறது. லண்டன் ஆய்வு சொன்னதும் இதுவே.

இரண்டு ஆட்சேபங்கள்

அரசிடம் பணமில்லை என்பது முதல் ஆட்சேபம். பணம் அந்த நிலத்திலேயே இருக்கிறது. நிலையம் வருவதால் நில மதிப்பு ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியது ரயில்வே, பயணி, நகரம். எந்தக் காண்டிராக்டரும் அல்ல. வளாகத்தின் ஓரத்தில் கடை வாடகைக்கு விட்டு, அந்த வாடகை நோயாளிகளின் வீட்டுக்குப் போகட்டும். நிலத்தை ஒருமுறை விற்றால் ஒருமுறைதான் பணம். வாடகை மாதாமாதம் வரும்.

பைத்தியக்காரர்கள் நடமாடும் இடத்தில் யார் வீடு எடுப்பார்கள் என்பது இரண்டாவது. இதே பேச்சை நம்மைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். 1960-களில் 'லுங்கிவாலா'க்கள் இருக்கும் இடத்தில் மரியாதைப்பட்டவன் குடியிருக்க முடியாது என்று சொல்லி நம் கடைகளை உடைத்தார்கள். தாராவி என்ற பெயரைச் சொன்னால் வேலை தர யோசித்த காலம் உண்டு. விலாசத்தை வைத்து மனிதனை எடைபோடுவது என்னவென்று அனுபவித்தவர்கள் நாம். அந்தத் தராசை நாமே கையில் எடுக்கலாமா?

நமது கோரிக்கைகள்

வருகிற பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர இவற்றை முன்வைக்கிறேன்.

1. நிலையத்துக்கு ஒதுக்கியது போக மீதி நிலம் முழுவதும் பொது உடைமையாக நீடிக்க வேண்டும். விற்பனையும் கூடாது, விற்பனைக்குச் சமமான நெடுங்குத்தகையும் கூடாது. இது அரசாணையில் சொல்லுக்குச் சொல் எழுதப்பட வேண்டும்.

2. வளாகத்தில் வரும் கடை, அலுவலக வாடகை எல்லாம் தனி நிதியாகி, நோயாளிகளின் வீட்டுக்கும் பேட்டை மனநல மையங்களுக்கும் மட்டுமே செலவாக வேண்டும்.

3. குணமாகியும் போக்கிடமில்லாதவர்களுக்குக் குழு வீடுகள் முதலில் கட்டப்பட வேண்டும். வீட்டுச் சாவி கையில் வராமல் ஒருவரையும் பழைய வார்டிலிருந்து கிளப்பக் கூடாது.

4. நிலையத்திலும் சுற்றுப்புறத்திலும் வரும் சிற்றுண்டிக் கடை, வண்டி நிறுத்தம், தோட்ட வேலை ஆகியவற்றில் ஒரு பங்கு நோயாளிகளின் கூட்டுறவுக்கு. குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி சம்பளம். சிகிச்சை என்ற பெயரில் இலவச உழைப்பு வேண்டாம்.

5. ஆஸ்பத்திரியின் கடைநிலை ஊழியர் குடியிருப்பு அதே வளாகத்தில் இருக்க வேண்டும். நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்களை, தேதியைக் காட்டித் 'தகுதியற்றவர்' என்று விரட்டாமல் மாற்று வீடு தர வேண்டும். அந்தச் சொல்லின் அர்த்தம் தாராவிக்காரர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

6. திட்டக் குழுவில் நோயாளிகள், குடும்பத்தார், ஊழியர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். நான்கு மண்டல மருத்துவமனைகளிலும் பிற மொழி நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழுக்கு ஆள் தர நம் சங்கம் இன்றே பெயர்ப் பட்டியல் கொடுக்கலாம்.

ஆறாவது கோரிக்கையின் கடைசிப் பகுதிக்கு அரசாணை தேவையில்லை. வாரத்துக்கு ஒரு ஞாயிறு, இரண்டு பேர் போதும். மற்ற ஐந்துக்கும் நீண்ட போராட்டம் தேவைப்படும். பயணிகள் சங்கங்களையும் மராத்தித் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்த வேண்டிய போராட்டம். பயணிக்கு நிலையம் வேண்டும், நோயாளிக்கு வீடு வேண்டும். இரண்டுக்கும் அந்த 72 ஏக்கரில் இடம் இருக்கிறது. மூன்றாவதாக ஒருவர் வந்து பங்கு கேட்கும்போதுதான் இடம் பற்றாமல் போகும்.